உப்புக் காற்றில் ஓடும் பழைய வண்டி: எரிபொருள் கசிவைக் கண்டறியும் முறை

பழைய வண்டியில் எரிபொருள் கசியும்போது, சொட்டு விழும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று. டேங்கின் மேற்புறம் ஊறும் டீசல் சேஸிஸ் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஓடி, ஒரு முழம் தள்ளி ஏதாவது ஒரு போல்ட்டின் நுனியில் போய்ச் சொட்டும். ஓடும் வண்டியில் காற்று அதை இன்னும் பின்னே தள்ளும். ஈரம் தெரிகிற ஹோஸை மாற்றிவிட்டு, மறுநாளே அதே சொட்டைப் பார்ப்பது இதனால்தான். கசிவைக் கண்டறிவது ஒழுங்காகச் செய்யவேண்டிய வேலை. கசிவது எது, எப்போது கசிகிறது, எங்கிருந்து கசிகிறது என்ற மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டால் தேவையில்லாமல் பாகம் மாற்றும் செலவு மிச்சமாகும்.

இந்த ஒழுங்கு எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் தேவிபட்டினம் போன்ற கடற்கரை ஊரில் சந்தேகப்பட வேண்டிய இடங்களின் வரிசை மாறுகிறது. உள்நாட்டில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை ரப்பர் பாகங்கள். பாக் விரிகுடாக் கரையில் அதே அளவு ஓடிய வண்டியில் இரும்பையும் அதே அளவு சந்தேகப்பட வேண்டும்.

எரிபொருள் போகும் பாதை

டேங்கில் தொடங்கும் பாதை இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், ஃபில்டர், பம்ப் வழியாக எஞ்சினை அடைகிறது. எரியாமல் மிஞ்சும் எரிபொருளை டேங்குக்குத் திருப்பி அனுப்ப, பல வண்டிகளில் ரிட்டர்ன் லைன் என்ற தனிக் குழாய் உண்டு. டேங்கில் சேரும் ஆவிக்கும் எரிபொருள் ஊற்றும் வாய்க்கும் தனித்தனி ஹோஸ்கள் உள்ளன. ஒவ்வொரு இணைப்பிலும் கிளிப், வாஷர், ஓ-ரிங் என ஏதோ ஒன்று அடைப்பாக இருக்கிறது. கசிவுகளில் பெரும்பகுதி நீண்ட குழாயின் நடுவில் ஏற்படுவதில்லை. இந்த இணைப்புகளிலும், குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கவ்விகளுக்கு அடியிலுமே ஏற்படுகிறது.

பாதை முழுவதும் அழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிளில் டேங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பம்ப் 3 முதல் 4 பார் அழுத்தம் கொடுக்கிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். காமன் ரயில் டீசல் எஞ்சினில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இடையிலான அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். புதிய வகைகளில் 2,000 பார் வரை போகும். டேங்கிலிருந்து எஞ்சின் அருகே உள்ள ஃபீட் பம்ப் வரையிலான டீசல் பாதையோ உறிஞ்சும் பாதை. அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தப் பகுதியில் விரிசல் விழுந்தால் டீசல் வெளியே வருவதற்கு முன் காற்று உள்ளே போகும்.

கடற்கரை செய்யும் வேலை

கடற்காற்றில் வரும் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு ஈரமே போதும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், வெயில் காய்ந்த பிற்பகலிலும், வண்டியின் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் படலத்திலுள்ள குளோரைடு அயனி இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கிறது.

தேவிபட்டினத்தின் கரை கிழக்கே பாக் விரிகுடாவைப் பார்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தின் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே ஊருக்குள் வீசும். நவபாஷாணக் கோயிலுக்குக் கடலாட வருபவர்களின் வண்டி சில மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். உள்ளூர் வண்டிகள் ஆண்டு முழுவதும் இரவில் அதே காற்றில் நிற்கின்றன. இந்தக் கரையில் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சான்று பாம்பனில் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திறந்து மூடும் தூக்குப் பகுதியின் அரிப்பு அதற்கு முக்கியக் காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளந்து வந்ததற்கும் இந்தச் சூழலின் கடுமையே காரணம்.

ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்துகிறது. உப்பு மிகுந்த கடலோரங்களுக்கு உரிய சி5 வகையில், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும். பல வண்டிகளின் எரிபொருள் குழாய்ச் சுவர் 700 மைக்ரான், அதாவது 0.7 மில்லிமீட்டர் தடிமன்தான். பூச்சு போய்விட்ட குழாய்க்குச் சில ஆண்டுகளே ஆயுள் என்று இந்த எண்களே சொல்கின்றன. அரிப்பு சீராகப் பரவாமல் ஒரே புள்ளியில் குழி பறித்தால் ஆயுள் இன்னும் குறையும்.

மீன் ஏற்றும் வண்டிகளில் இன்னொரு வழியாகவும் உப்பு வருகிறது. ஊர்க்காரர்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. சரக்குத் தளத்துக்குக் கீழே டேங்க் இருக்கிறது. மீன் பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு பலகை இடுக்கு வழியாக டேங்கின் மேல் வடிகிறது. டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே தேய்மானத்தைத் தடுக்க ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். அந்த மெத்தை உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டையைக் கழற்றினால் மற்ற இடமெல்லாம் பெயின்ட் நன்றாக இருக்க, மெத்தை இருந்த அகலத்துக்கு மட்டும் துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருவதைக் காணலாம். ஓட்டை அங்கேதான் விழும்.

துருவின் நிறமும் ஒரு செய்தி சொல்லும். குழாய் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் துத்தநாகப் பூச்சு இன்னும் இரும்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. செந்நிறம் தெரிந்தால் பூச்சு தீர்ந்துவிட்டது. துரு உப்பிச் செதில் செதிலாக வந்தால் அந்தக் குழாயை மாற்றுவதுதான் வழி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த மறுநாள் கசிவு தொடங்கினால் தேய்த்தவர்மேல் குற்றம் இல்லை. அதுவரை ஓட்டையை அடைத்திருந்தது துருவேதான்.

எரிபொருளும் மாறியிருக்கிறது

வண்டி பழசானாலும் அதில் ஊற்றும் எரிபொருள் புதிது. பாரத் ஸ்டேஜ் 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருந்த கந்தகம், ஸ்டேஜ் 4-இல் 50 ஆகவும், 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டேஜ் 6-இல் 10 ஆகவும் குறைந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் அரோமாட்டிக் சேர்மங்களும் குறையலாம். பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் அந்தச் சேர்மங்களை உறிஞ்சி உப்பியிருப்பவை. சேர்மங்கள் குறைந்தால் சீல் சுருங்கும். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய இன்ஜெக்‌ஷன் பம்புகள் கசியத் தொடங்கியதற்கு இதுவே காரணமாகக் கண்டறியப்பட்டது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2023-இல் 20 விழுக்காட்டுக் கலவை அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைத்து, உலர்ந்தபின் இறுகச் செய்யும். காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வாரக்கணக்கில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளின் டேங்க் அடிப்பகுதி ஊசித்துளை விடுவதற்கு இது ஒரு காரணம்.

கசிவது எது?

முதலில், கசிவு உண்மையில் எரிபொருள்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். சொட்டு விழும் இடத்தில் இரவில் வெள்ளைத் தாள் விரித்துவைத்தால் போதும். பெட்ரோல் விழுந்திருந்தால் காலையில் தாள் காய்ந்திருக்கும். மெல்லிய வளையமும் மணமும் மட்டும் மிஞ்சும். டீசல் தாளை ஒளி ஊடுருவும்படி எண்ணெயாக்கிவிடும். நாள் கடந்தும் காயாது. எஞ்சின் ஆயில் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். பச்சையோ சிவப்போ கலந்த நீர் ரேடியேட்டரிலிருந்து வருவது. நிறமற்ற, மணமற்ற நீர் ஏசியிலிருந்து வடிவது. அது குறையே அல்ல.

டேங்க் முழுக்க நிரப்பிய நாளில் மட்டும் ஒழுகினால் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 1 விழுக்காடு விரியும். 12 லிட்டர் டேங்க் விளிம்புவரை நிரம்பி, வெயிலில் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 230 மில்லி வழிய வேண்டியிருக்கும். ஆனால் நிரப்பினால் மட்டும் ஒழுகுவது, டேங்கின் மேற்பகுதி ஓட்டைக்கும் ஊற்றுவாய் ஹோஸ் விரிசலுக்கும் அடையாளம்கூட. முக்கால் டேங்க் வைத்து மேட்டில் ஏற்றி நிறுத்திப் பார்த்தால் வெப்பத்தால் வழிவதா, ஓட்டையா என்பது தெரிந்துவிடும்.

அளவையும் கணிக்கலாம். டீசலின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு என்பதால் சொட்டும் சிறிது; ஏறத்தாழ 40 சொட்டுக்கு ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 90 மில்லி, நாளுக்கு 2 லிட்டருக்கு மேல். மைலேஜ் திடீரென்று பாதியானதற்கு மெல்லிய கசிவைக் காரணம் காட்ட முடியாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

எப்போது கசிகிறது?

கசியும் நேரம், தேடவேண்டிய பகுதியைப் பாதியாகக் குறைக்கும். எஞ்சின் அணைந்து நிற்கும்போதே கசிந்தால் காரணம் டேங்கிலோ, டேங்கின் மட்டத்துக்குக் கீழுள்ள குழாயிலோ இருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடினால் நின்று, திறந்தால் சொட்டினால் ஃப்ளோட் அறையின் நீடில் சரியாக அமரவில்லை. ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வருவது அதுதான். சாவியைத் திருப்பி பம்ப் ஓடத் தொடங்கியதும் கசிந்தால் அழுத்தப் பாதையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கசியும் டீசல் வண்டியில் ரிட்டர்ன் லைனும் இன்ஜெக்டர்களை இணைக்கும் சிறு ஹோஸ்களும் முதல் சந்தேகம். எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிய ஹோஸை விரலால் வளைத்தால் கிளிப் ஓரத்தில் வெடிப்புகள் வாய் திறக்கும்.

குளிர்ந்த நிலையில் கசிந்து, சூடானதும் நின்றுபோகும் கசிவும் உண்டு. சுருங்கிய ரப்பர் சூட்டில் விரிந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. தானாகச் சரியாகிவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது.

எங்கே கசிகிறது?

தேடும் வேலையில் பாதி கழுவும் வேலை. சந்தேகப் பகுதியை முழுவதும் கழுவி, துடைத்து, உலரவிட வேண்டும். இராமநாதபுரம் கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவிவிட்டால் உப்பு மேலும் சேரும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

உலர்ந்த இணைப்புகளின் மேல் சாக்பீஸ் பொடியோ முகப் பவுடரோ மெல்லிதாகத் தூவிவைத்தால், ஊறும் முதல் துளி பொடியில் கறையாகத் தெரியும். பிறகு சிறு கண்ணாடியும் எல்இடி டார்ச்சும் கொண்டு, விழுந்த சொட்டிலிருந்து மேல்நோக்கியும் வண்டியின் முன்நோக்கியும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியே கசிவுக்கு மிக அருகிலுள்ள புள்ளி. அதற்கு மேலே பொடி உலர்ந்திருந்தால் தேடல் முடிந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி கட்டியாக அப்பியிருந்தால் அது நீண்டநாள் டீசல் கசிவு. பெட்ரோல் கசியும் இடம் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகவும், ஓரத்தில் பழுப்புப் பிசின் கறையோடும் இருக்கும்.

காமன் ரயில் எஞ்சினின் உயரழுத்தக் குழாயை ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே திசு அழுகத் தொடங்கும். தாமதமின்றி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஒரு அட்டைத் துண்டை நீட்டினால் போதும், பீறிடும் இடம் அட்டையில் பதிந்துவிடும்.

வெளியே தெரியாத கசிவு

சில கசிவுகள் தரையில் சொட்டுவதே இல்லை. காலையில் டீசல் வண்டி நெடுநேரம் சுற்றியபின் கிளம்பினால், மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்குது’ என்பார்கள். உறிஞ்சும் பாதையில் புகுந்த காற்றால் இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டருக்கு முன் ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டைத் தற்காலிகமாக இணைத்தால் ஓடும் குமிழிகளைக் கண்ணால் பார்க்கலாம். குமிழி நிற்கும்வரை டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகச் சரிபார்த்து வரவேண்டும்.

ஆயில் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போய், ஆயில் நீர்த்து டீசல் மணம் அடித்தால், ஃபீட் பம்பின் உட்சீல் வழியாகவோ இன்ஜெக்டர் வழியாகவோ எரிபொருள் எஞ்சினுக்குள் இறங்குகிறது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. தரையில் விழும் சொட்டைவிட இது எஞ்சினுக்கு ஆபத்து. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிரஷர் கேஜை இணைத்து, எஞ்சினை அணைத்தபின் அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே ஈரமே இல்லாமல் அழுத்தம் விரைவாக இறங்கினால் இன்ஜெக்டரோ, பம்பின் ஒருவழி வால்வோ, ரெகுலேட்டரோ கசிகிறது.

தீ

இந்தத் தேடல் முழுவதும் தீயின் அருகே நடக்கிறது. பெட்ரோல் உறைபனிக்குப் பல டிகிரி கீழேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஷெட்டின் பள்ளத்தில் தேங்கி, சுவிட்ச் ஒன்றின் பொறிக்குக் காத்திருக்கும். காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் அது பற்றும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்றாலும், சூடான பரப்பில் தானாகப் பற்றும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு. மெல்லிய டீசல் தூறல் சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டால் பொறியே தேவையில்லை.

ஆகவே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டே குழாய்களைத் தொட வேண்டும். உலர் பொடி தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரியும் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். காலி டேங்கை வெல்டிங் வைக்கக் கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. நிரம்பிய டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில் இருப்பதெல்லாம் ஆவியும் காற்றும்தான்.

சரிசெய்தல்

ஓட்டை கிடைத்ததும் அந்த ஓர் இடத்தை மட்டும் அடைப்பது பாதி வேலை. எம்-சீல் போன்ற பசைகள் வீடு வந்து சேரும்வரைதான் உதவும். ஒரு குழாய் துருவில் ஓட்டையானால், அதே வயதுள்ள பக்கத்துக் குழாயும் அதே உப்பைத் தின்றிருக்கும். இரண்டையும் மாற்றுவதே சிக்கனம். ஹோஸ் வாங்கும்போது எரிபொருளுக்கும் அந்த அழுத்தத்துக்கும் உரியதா என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சில நாளில் ஊறிப்போகும். கழற்றிய செம்பு வாஷரை மீண்டும் போடாமல் புதிது போட வேண்டும். டேங்கின் பட்டை மெத்தையைக் கழற்றி, அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடித்தபின்னரே திரும்ப மாட்ட வேண்டும். மீன் வண்டியில் ஐஸ் தண்ணீரை ஒரு குழாய் வழியாக டேங்குக்கும் சட்டத்துக்கும் அப்பால் இறக்கிவிட்டால் வரும் ஆண்டுகளின் செலவு பெரிதும் குறையும்.

வேலை முடிந்தபின் பொடிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்: நிறுத்திய நிலையில் ஓர் இரவு, எஞ்சின் ஓடும்போது கால் மணி நேரம், டேங்க் நிரம்பியபின் ஒரு முறை. மூன்றிலும் பொடி உலர்ந்திருந்தால்தான் கசிவு நின்றதாகக் கொள்ளலாம்.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடற்கரையில் இந்த இடைவெளி போதாது. வடகிழக்குப் பருவம் முடிந்த ஜனவரியில், ஆண்டுக்கு ஒரு முறை, டேங்க் பட்டையையும் குழாய்க் கவ்விகளையும் கழற்றி அடியில் பார்ப்பதைக் கடலோர வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.